பால்வாடியில் விளையாட்டு எப்போது படிப்பாகிறது?

சின்னஞ்சிறு பிள்ளைகள் விளையாட்டின் வழியாகவே கற்கிறார்கள் என்பதைத் தமிழ்நாட்டில் இன்று யாரும் வெளிப்படையாக மறுப்பதில்லை. அங்கன்வாடிகளுக்காக அரசு வகுத்த பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’. ஆனால், மாலையில் பிள்ளையை அழைத்துப்போக வரும் தாய் முதலில் கேட்பது “இன்னைக்கு என்ன எழுதின?” என்பதைத்தான். தனியார் நர்சரிப் பள்ளி அந்தக் கேள்விக்கான விடையை நான்கு கோடு நோட்டில் எழுதியே அனுப்பிவிடுகிறது. பால்வாடியிலிருந்து வெறுங்கையோடு வரும் பிள்ளை ஒரு பாட்டைப் பாடிக் காட்டுகிறது, அல்லது ஒன்றும் சொல்லாமல் செருப்பைத் தேடுகிறது. இந்த இடத்தில் பெற்றோரின் அறியாமையைக் குறை சொல்லிக் கட்டுரைகள் பல எழுதப்பட்டுவிட்டன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டாலே கற்றல் தானாக நடந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருக்கும் நாம், விளையாட்டு எந்தச் சூழ்நிலையில் கற்றலாக மாறுகிறது, எந்தச் சூழ்நிலையில் மாறாமல் நின்றுவிடுகிறது என்பதை அந்தத் தாய்க்கு ஒருபோதும் விளக்கியதில்லை. ஆய்வுகள் அதைப் பற்றிச் சில தெளிவான செய்திகளைச் சொல்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று தமிழ்நாட்டு அங்கன்வாடிகளிலேயே நடந்தது.

அதற்கு முன் கொஞ்சம் வரலாறு. தமிழ்நாட்டில் முன்பருவக் கல்வி சோற்றுத் தட்டைப் பின்தொடர்ந்து வந்தது. மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு, பள்ளி வயதை எட்டாத குழந்தைகளின் வளர்ச்சி குறித்து 1972-இல் மத்திய அரசுக்கு அளித்த அறிக்கை, உணவையும் உடல்நலத்தையும் கல்வியையும் பிரிக்காமல் ஒரே இடத்தில் தர வேண்டும் என்ற எண்ணத்துக்கு வலுச்சேர்த்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. ஊட்டச்சத்து உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்களுக்கான நலக்கல்வி, முன்பருவக் கல்வி என்ற ஆறு பணிகள் அதற்கு ஒப்படைக்கப்பட்டன. 1980-இல் உலக வங்கியின் உதவியோடு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் எடையை மாதந்தோறும் நிறுத்துப் பார்ப்பதில் கவனம் செலுத்தியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், பள்ளி மாணவர்களோடு பால்வாடிக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. இன்று மாநிலத்தில் இருக்கும் 54,439 குழந்தைகள் மையங்களும் இந்த மூன்று ஓடைகளும் கலந்து உருவானவை.

ஆறு பணிகளில் ஐந்து உணவும் உடல்நலமும் சார்ந்தவை என்பது தற்செயலானதல்ல. அன்றைய தேவை அப்படி இருந்தது. அதன் பலனையும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அந்தப் பிறப்பின் அடையாளம் இன்னும் அங்கன்வாடியின் ஒவ்வொரு நாளிலும் இருக்கிறது. முட்டை எத்தனை வந்தது, எத்தனை அவித்தது, எத்தனைக் குழந்தைகள் சாப்பிட்டார்கள் என்பதை எண்ணலாம், பதிவேட்டில் ஏற்றலாம், ஆய்வுக்கு வரும் அதிகாரி சரிபார்க்கலாம். 2021 முதல் ‘போஷன் டிராக்கர்’ செயலியிலும் ஏற்ற வேண்டும். மணலில் அரைமணி நேரம் ஒரு பிள்ளை என்ன செய்தது என்பதை அப்படி எண்ணவோ ஏற்றவோ முடிவதில்லை. எண்ணப்படும் வேலை முதலில் முடிகிறது, எண்ணப்படாத வேலை மிச்சமிருக்கும் நேரத்துக்குத் தள்ளப்படுகிறது. எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான் இது.

சட்டமும் இந்த வயதினரிடம் தயக்கத்தோடுதான் நடந்துகொண்டிருக்கிறது. 2002-இல் வந்த 86-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயது நிறையாத குழந்தைகளின் பராமரிப்பையும் கல்வியையும், அரசு முயன்று வழங்க வேண்டியது என்ற வழிகாட்டு நெறியோடு நிறுத்திக்கொண்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் அந்த எல்லையைத் தாண்டவில்லை. ஐந்து வயதில் முதல் வகுப்பில் சேர்க்கும் வழக்கம் உள்ள தமிழ்நாட்டில் இதன் பொருள், அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகள் பெற்றோரின் பணவசதியையும் பக்கத்து மையத்தின் நிலையையும் நம்பியே இருக்கின்றன என்பதுதான்.

இனி விளையாட்டுக்கு வருவோம். எளிய பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டால் விளங்கும்: ஐந்து புளியங்கொட்டைகள். நான்கு வயதுப் பிள்ளையின் முன்னால் அவற்றை வரிசையாக வைத்து எண்ணச் சொன்னால், “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு” என்று பெரும்பாலும் தடையில்லாமல் வரும். ஆனால் விரலைக் கவனித்தால், வாய் ‘மூணு’ என்று சொல்லும்போது விரல் நான்காவது கொட்டைக்குப் போயிருக்கும், அல்லது ஒரே கொட்டையை இரண்டு முறை தொட்டிருக்கும். சரியாகவே எண்ணி முடித்த பிள்ளையிடம் “மொத்தம் எத்தனை இருக்கு?” என்று கேட்டால், பதில் சொல்லாமல் மீண்டும் “ஒண்ணு, ரெண்டு…” என்று தொடங்கும். கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தின் அளவு என்பது அதற்கு இன்னும் புலப்படவில்லை. எண்ணுதல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடும் திறனுக்குள், பொருளுக்கு ஒன்றாக எண்ணைப் பொருத்துவது, எண்களின் வரிசை மாறாமல் சொல்வது, கடைசி எண்ணே மொத்தம் என்று அறிவது, எந்தப் பொருளையும் எண்ணலாம் என்று அறிவது, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது என்று அறிவது ஆகிய ஐந்தும் அடங்கியிருக்கின்றன என்பதை ரோஷல் கெல்மன், சார்லஸ் காலிஸ்டல் என்ற உளவியலாளர்கள் 1978-இல் விளக்கினார்கள். “மூணு கொட்டை எடுத்துக் குடு” என்று கேட்டுப் பார்க்கும் சோதனையை வைத்து 1990-களின் தொடக்கத்தில் கேரன் வின் காட்டியது இன்னும் வியப்பானது: பத்து வரை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் ‘ஒன்று’ என்பதன் அளவு முதலில் புரிந்து, பல மாதங்கள் கழித்து ‘இரண்டு’ புரிந்து, அதன் பிறகே ‘மூன்று’ புரிகிறது. ஒப்பிப்பதும் புரிவதும் இந்த வயதில் தனித்தனிப் பாதையில் போகின்றன.

பல்லாங்குழி இங்கே நமக்குக் கிடைத்திருக்கும் அருமையான கருவி. ஏழு ஏழாக இரண்டு வரிசையில் பதினான்கு குழிகள். நான்கு காய் சேர்ந்தால் பசு என்று அள்ளும் பெரியவர்களின் ஆட்டவிதிகள் நான்கு வயதுக்குப் பொருந்தாது. ஆனால் கையில் உள்ள காயைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவது மட்டும் போதும்: ஒரு குழியைத் தாண்டிவிட்டால் வெறுமையாக நிற்கும் அந்தக் குழியே தவற்றைக் காட்டிவிடும், யாரும் கண்டிக்க வேண்டியதில்லை. (குன்றிமணியை மட்டும் இந்த வயதுப் பிள்ளைகளிடம் தரக் கூடாது, அது நச்சுள்ளது. மூன்று வயதுக்குக் கீழே எந்தச் சிறு விதையும் தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு.) பொருளே தவற்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது மரியா மாண்டிசோரியின் அடிப்படைக் கோட்பாடு. அவர் 1939-இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, போர் மூண்டதால் திரும்பிப் போக முடியாமல் அடையாறிலும் கொடைக்கானலிலும் தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளைப் பெஞ்சில் வரிசையாக உட்காரவைக்கும் பள்ளிகள் தெருவுக்குத் தெரு இருப்பது வேறு கதை.

இதுவரை படித்தவர், அப்படியானால் பல்லாங்குழியைக் கொடுத்துவிட்டால் கணக்கு வந்துவிடும் என்று முடிவுகட்டக்கூடும். அங்கேதான் 2017-இல் வெளியான தில்லி ஆய்வு குறுக்கே நிற்கிறது. எலிசபெத் ஸ்பெல்கி, எஸ்தர் டூஃப்ளோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் தில்லியில் ‘பிரதம்’ அமைப்பு நடத்திய 214 முன்பள்ளிகளில் 1,540 குழந்தைகளைக் கொண்டு செய்த சோதனை அது. ஒரு பகுதிக் குழந்தைகள் அளவுகளையும் வடிவங்களையும் ஒப்பிடும் விளையாட்டுகளை மாதக்கணக்கில் ஆடினார்கள். எண் எழுத்து இல்லாமல், கண்ணால் பார்த்தே எது அதிகம், எது வேறுபட்ட வடிவம் என்று சொல்லும் திறன் அவர்களிடம் வளர்ந்தது. ஓராண்டுக்குப் பிறகும் அந்த வளர்ச்சி நிலைத்திருந்தது. ஆனால் பள்ளிக்குப் போய் எண்களை எழுதிக் கணக்குப் போடும்போது, விளையாடிய பிள்ளைகளுக்கும் விளையாடாத பிள்ளைகளுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

இந்த முடிவை விளையாட்டின் தோல்வி என்று படிப்பது தவறு என்பது என் கருத்து. விளையாட்டு தன் வேலையைச் செய்தது. அளவு குறித்த உள்ளுணர்வை வளர்த்தது. அந்த உணர்வை ‘ஏழு’ என்ற சொல்லோடும் ‘7’ என்ற குறியோடும் யாரோ ஒருவர் கட்டியிருக்க வேண்டும். அந்த முடிச்சு அங்கே விழவில்லை. பல்லாங்குழியில் காய் போடும் பிள்ளையின் பக்கத்தில் ஒரு டீச்சர் உட்கார்ந்து, “உன் கையில அஞ்சு காய் இருக்கு. எண்ணிப் பாப்போமா?” என்று மொத்தத்தை முதலில் சொல்லிவிட்டு எண்ணத் தொடங்கினால், கடைசி எண்ணும் மொத்தமும் ஒன்றே என்பது பிள்ளையின் காதில் விழுகிறது. “இன்னும் ஒண்ணு போட்டா எத்தனை ஆகும்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகச் சற்றுக் காத்திருந்தால் கூட்டல் தொடங்கிவிட்டது. அதற்குச் செலவாவது ஒரு நிமிடம். ஆனால் அது அந்தப் பிள்ளைக்கு மட்டுமான ஒரு நிமிடம்.

பக்கத்தில் உட்காரும் அந்த ஆளின் பங்கை இன்னொரு சோதனை துல்லியமாகக் காட்டியது. 2013-இல் வெளியான அந்த அமெரிக்க ஆய்வில், நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு முக்கோணம் முதலான வடிவங்களைக் கற்பிக்க மூன்று வழிகள் ஒப்பிடப்பட்டன. ஒரு குழுவுக்குப் பெரியவர் விளக்கிச் சொன்னார். இன்னொரு குழு வடிவ அட்டைகளோடு தானாக விளையாடியது. மூன்றாவது குழுவில், முக்கோணத்தின் ‘ரகசியத்தை’க் கண்டுபிடிக்கும் துப்பறிவாளர்களாகப் பிள்ளைகள் ஆட, பெரியவர் கேள்விகளால் வழிகாட்டினார். மூன்றாவது குழுவே நன்றாகக் கற்றது. மெலிந்து நீண்ட, தலைகீழாக நிற்கும் முக்கோணத்தையும் முக்கோணம்தான் என்று கண்டுகொள்வதில் அந்தப் பிள்ளைகள் மற்ற இரு குழுக்களையும் முந்தினார்கள். வழிகாட்டப்பட்ட விளையாட்டு என்று ஆய்வாளர்கள் அழைக்கும் இந்த முறை குறித்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான மதிப்பாய்வும், தொடக்கநிலைக் கணக்கு, வடிவ அறிவு போன்ற சிலவற்றில் அது நேரடிப் போதனையை விஞ்சுகிறது என்றே சொல்கிறது. எல்லாவற்றிலும் என்று சொல்லவில்லை. பாவனை விளையாட்டு பற்றிய நம் உற்சாகமும் கொஞ்சம் அடங்கியிருப்பது நல்லது. குச்சியைக் குதிரையாக்கும் பிள்ளை, பொருளிலிருந்து அதன் அர்த்தத்தைப் பிரிக்கக் கற்கிறது என்ற ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கியின் விளக்கம் அழகானது, ஆழமானது. ஆனால் பாவனை விளையாட்டினாலேயே அறிவாற்றல் வளர்கிறது என்பதற்கான சான்றுகள் நாம் நினைப்பதைவிட மெல்லியவை என்று 2013-இல் வந்த ஒரு விரிவான மதிப்பாய்வு காட்டியது. அதற்காகப் பாவனை விளையாட்டை விட்டுவிட வேண்டியதில்லை. மொழிக்கு அதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது.

அதை அருகிலிருந்து பார்க்கலாம். களிமண்ணைத் தட்டித் தோசை சுட்டுக்கொண்டிருக்கிறாள் ஒரு பெண் குழந்தை. டீச்சர் வந்து “இது என்ன கலர்?” என்று கேட்டால் “பிரவுன்” என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும், விளையாட்டும் நின்றுவிடும். அதே டீச்சர் பக்கத்தில் அமர்ந்து, “பசிக்குது கண்ணு, எனக்குத் தோசை எப்ப வரும்?” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“இருங்க டீச்சர், கல்லு இன்னும் காயல.”

“எங்க வீட்ல நாலு பேரு இருக்கோம். மாவு பத்துமா?”

“பத்தாது. மூணுதான் வரும்.”

“அய்யோ, அப்ப என்ன பண்றது?”

“ஆயாம்மாவுக்குப் பாதி, உங்களுக்குப் பாதி.”

இந்தப் பேச்சில் காரணம் இருக்கிறது, ஒப்பீடு இருக்கிறது, பகிர்வு இருக்கிறது, பின்னத்தின் நிழல்கூட இருக்கிறது. அதைவிட முக்கியம், பிள்ளை முழு வாக்கியங்களில் பேசியிருக்கிறது. விடை தெரிந்துகொண்டே கேட்கப்படும் கேள்விகள் இந்த வயதில் பிள்ளையின் பேச்சைச் சுருக்குகின்றன. ஆட்டத்துக்குள் நுழைந்து, ஆட்டத்தின் தேவைக்காகக் கேட்கப்படும் கேள்விகள் அதை நீட்டுகின்றன. டீச்சர் அந்த ஆட்டத்தின் உரிமையைப் பறித்துக்கொள்ளவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மாவு தீர்ந்ததா இல்லையா என்பதைத் தீர்மானித்தது குழந்தை.

எழுத்துக்கும் இதே கணக்குத்தான். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துகளையும் முதல் வகுப்புக்கு முன்பே எழுதிப் பழக வேண்டும் என்ற அவசரம் பல வீடுகளில் இருக்கிறது. இதை எதிர்ப்பவர்கள் கைமணிக்கட்டின் எக்ஸ்ரே படத்தைப் பகிர்வது வழக்கம்: எட்டு மணிக்கட்டு எலும்புகளில் நான்கு வயதில் மூன்று நான்குதான் எலும்பாக இறுகியிருக்கின்றன, அதனால் எழுதவைப்பது தவறு என்பார்கள். எலும்பு இறுகுவது பற்றிய தகவல் சரி. அதிலிருந்து நேராக அந்த முடிவுக்குத் தாவுவதுதான் சரியில்லை. உண்மையான தடை, விரல்களின் சிறு தசைகள் கண்ணோடு ஒத்துழைக்க இன்னும் பழகவில்லை என்பது. அந்தப் பழக்கத்தைச் சத்துமாவு உருண்டை பிடிப்பதும், பூக்களைக் கோப்பதும், புள்ளிகளைச் சேர்த்துச் சிறு கோலம் போடுவதும் தருகின்றன. பென்சிலை நெருக்கிப் பிடித்து ‘அ’ என்ற எழுத்தை ஒரு பக்கம் நிரப்புவது, பிள்ளைக்குப் பெரும்பாலும் வலியைத் தருகிறது. எழுத்தின் மேல் வெறுப்பையும் சேர்த்துத் தருகிறது.

எழுதுவதற்கு முன் வர வேண்டியது, பேச்சைத் துண்டு துண்டாகக் கேட்கும் காது. தமிழ் எழுத்துமுறைக்கு இதில் ஒரு வசதி உண்டு. நம் எழுத்துகள் பெரும்பாலும் அசையளவில் இருப்பதால், ‘தவளை’ என்ற சொல்லை மூன்று கைத்தட்டல்களாகப் பிரிப்பது பிள்ளைக்கு எளிதில் கைவருகிறது. “தவளையில ‘த’ ஓடிப்போச்சு, மிச்சம் என்ன?” என்று கேட்டு, ‘வளை’ என்று பிள்ளை கண்டுபிடிக்கும்போது முகத்தில் வரும் சிரிப்பு வேறு. வடை, கடை, நடை, சடை என்று முதலெழுத்தை மாற்றிக்கொண்டே போகும் ஆட்டத்துக்குப் பொருளே வேண்டாம். வரிசையில் நின்று கை கழுவும் நேரத்தில்கூட ஆடலாம். பின்னாளில் எழுத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு, அந்த எழுத்து போய் உட்கார வேண்டிய ஒலி ஏற்கெனவே காதில் தயாராக இருக்கும். கற்பிக்கும் மொழியின் ஒலியமைப்பை ஒட்டி நடக்கும் இந்தப் பயிற்சி, ஆங்கிலப் பாடல்களை ஒப்பிக்கவைப்பதைவிடப் பல மடங்கு பயனுள்ளது என்று நினைக்கிறேன். ஆனால் பெற்றோர் கேட்பது அந்தப் பாடல்களைத்தான்.

இவ்வளவும் நடக்க என்ன தேவை? பயிற்சி, பொருள்கள், நல்ல பாடத்திட்டம் எல்லாம் தேவை. மாதத்துக்கு ஒரு கருப்பொருளாக வகுத்து, வயதுக்கேற்ற செயல்பாட்டு நூல்களோடு வந்த தமிழ்நாட்டின் பாடத்திட்டம் நல்ல முயற்சியே. ஆயினும் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் தேவை, பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஒருவருக்கு நேரம் இருப்பது. ஒரு மையத்தில் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் இருக்கிறார்கள். ஆயாம்மா அடுப்படியில் இருக்கும் காலை நேரத்தில், இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையிலான எல்லாப் பிள்ளைகளும் அந்த ஒரு பணியாளரின் பொறுப்பு. எடை, உயரம் பார்க்கக் கைக்குழந்தையோடு தாய்மார்கள் வருவதும், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவுப் பொட்டலம் வழங்குவதும், செயலியில் விவரம் ஏற்றுவதும், பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் அவர் தலையில்தான். மூன்று முதல் ஆறு வயதுவரை இருபது குழந்தைகளுக்கு ஒருவர், மூன்று வயதுக்குக் கீழே பத்துக்கு ஒருவர் என்று 2013-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை வகுத்த விகிதம், பணியாளர் வேறு எதுவும் செய்யாமல் குழந்தைகளோடு மட்டும் இருந்தால்தான் பொருள்படும்.

தமிழ்நாட்டில் நடந்த அந்தச் சோதனை இந்த முடிச்சைத்தான் அவிழ்த்துப் பார்த்தது. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்திரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென்றே அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தச் செய்தார்கள். மற்றபடி கட்டடம், பாடத்திட்டம், பொருள்கள் எதுவும் மாறவில்லை. அந்த மையங்களில் கற்பித்தலுக்குச் செலவான நேரம் இரண்டு மடங்கானது. பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு, தொடர்ந்து வந்துகொண்டிருந்த பிள்ளைகளின் கணக்குத் திறன் 0.29 திட்ட விலக்கமும் மொழித் திறன் 0.46 திட்ட விலக்கமும் உயர்ந்திருந்தன. புள்ளியியல் மொழியை விட்டுச் சொன்னால், நூறு பிள்ளைகளின் வரிசையில் நடுவில் நின்ற பிள்ளை, கணக்கில் ஏறத்தாழப் பதினோரு பேரையும் மொழியில் ஏறத்தாழப் பதினெட்டுப் பேரையும் தாண்டி முன்னே போனதற்கு இது சமம். எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது: கூடுதல் ஆள் வந்த மையங்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளும் குறைவாக இருந்தார்கள். கற்பிக்கும் பொறுப்பைப் பகிர ஆள் கிடைத்ததும், பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலையைக் கவனிக்கவும் நேரம் கிடைத்தது. உணவா, கல்வியா என்று ஐம்பது ஆண்டுகளாக இழுபட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஓர் ஆள் தேவைப்பட்டார் என்ற விடை வந்தது. 2024-இல் உலகின் முன்னணிப் பொருளியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியான இந்த ஆய்வு, இங்கே பரவலாகப் பேசப்படாதது வருந்தத்தக்கது.

எப்படிப்பட்ட முன்பள்ளியாக இருந்தாலும் நன்மைதான் என்று இதிலிருந்து பொதுமைப்படுத்திவிடவும் கூடாது. 1960-களில் மிச்சிகன் மாநிலத்தில் 123 ஏழைக் குழந்தைகளைக் கொண்டு நடந்த பெர்ரி முன்பள்ளித் திட்டத்தின் பயன், அவர்கள் நாற்பது வயதைத் தொட்டபோதும் வருமானத்தில் தெரிந்தது என்பது அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. டென்னசி மாநில அரசு நடத்திய முன்பள்ளிகளில் படித்த பிள்ளைகள், இடம் கிடைக்காமல் போன பிள்ளைகளைவிட ஆறாம் வகுப்பில் பின்தங்கியிருந்தார்கள் என்று 2022-இல் வந்த முடிவை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. காரணம் குறித்து ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பிள்ளைகளை முன்கூட்டியே பள்ளிக்கூட ஒழுங்குக்குள் அடைப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வோடு தொடர்புடையவர்களே ஐயுற்றார்கள்.

நம் மாநிலத்திலும் அந்த ஆபத்து தொலைவில் இல்லை. தனியார் நர்சரிகளுக்குப் போட்டியாக, அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் 2019-இல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. பெற்றோரிடம் வரவேற்பு இருந்தது. வகுப்பெடுக்க அனுப்பப்பட்டவர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயின்ற இடைநிலை ஆசிரியர்கள். விருப்பமில்லாமல் பலர் போனார்கள். 2022-இல் அவர்கள் தொடக்கப் பள்ளிகளுக்கே திரும்ப அழைக்கப்பட்டபோது வகுப்புகள் மூடப்படுமோ என்ற அச்சம் எழுந்து, எதிர்ப்புக்குப் பிறகு தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். கூடுதல் ஆள் என்ற நல்ல எண்ணம் இருந்தும், எந்த வேலைக்கு அந்த ஆள் என்பது தீர்மானமாகாமலே போன கதை இது. அங்கன்வாடி சமூக நலத் துறையின்கீழும் பள்ளி பள்ளிக்கல்வித் துறையின்கீழும் இருப்பதால், ஒரே வளாகத்தில் இருக்கும் இரண்டு அறைகளுக்கு நடுவே இரண்டு அலுவலகங்கள் நிற்கின்றன.

பெற்றோரின் கேள்விக்கு இங்கிருந்துதான் பதில் சொல்ல முடியும். நோட்டில் என்ன எழுதினாள் என்று கேட்பவர், தன் பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்று அஞ்சுகிறார்; அவருக்குத் தெரிந்த ஒரே சான்று நோட்டு. அதற்குப் பதிலாக வேறு சான்றைக் காட்ட வேண்டியது மையத்தின் கடமை: ஐந்து காய்களை எண்ணி முடித்ததும் மொத்தம் எத்தனை என்று கேட்டால் திரும்ப எண்ணாமல் சொல்கிறாளா, நேற்றுக் கேட்ட கதையை வரிசை மாறாமல் சொல்கிறாளா, தன் முறை வரும்வரை காத்திருக்கிறாளா, தெரியாத ஒன்றை ஏன் என்று கேட்கிறாளா. மாதம் ஒரு முறை பெற்றோரை அரைமணி நேரம் பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவைத்தால் இவற்றை அவர்களே கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். முதல் வகுப்புக்குப் போனதும் நிலைமை தலைகீழாக மாறிவிடுமே என்ற அச்சமும் முன்பளவுக்கு இன்று பொருந்தாது. 2022-இல் அரசுப் பள்ளிகளில் முதல் மூன்று வகுப்புகளுக்காகத் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம் பாட்டு, கதை, செயல்பாடு என்ற வழியிலேயே போகிறது.

ஆனால் அந்த அரைமணி நேரமும் மறுபடி பணியாளரின் நாளிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். அங்கன்வாடிகளில் பணியாளர், உதவியாளர் என 7,783 இடங்களை நிரப்பப்போவதாக அரசு 2025-இல் அறிவித்தது. அவை ஏற்கெனவே இருந்து காலியாகிப்போன இடங்கள். 320 மையங்களில் பயன் காட்டிய அந்த இன்னொரு பணியாளருக்கான இடம் இந்தக் கணக்கில் இல்லை.